புளியமரத்துக்கு ஜாமீன்

எங்கள் பக்கத்துப் புளியமரங்களில் பேய் உண்டு என்று எல்லோரும் நம்பினார்கள். அந்தப் பேய்கள் ஒன்று விடாமல் பெண் பேய்கள். கிணற்றில் விழுந்தவள், பிரசவத்தில் போனவள், மாமியார் கொடுமை தாங்காமல் நாண்டுகொண்டவள் என்று கிளைக்கு ஒருத்தியைச் சொல்வார்கள். ஆக, செத்துப்போன பெண் புளியமரத்தில் ஏறலாம், உட்காரலாம், காலை ஆட்டிக்கொண்டு வழிப்போக்கர்களை வேடிக்கை பார்க்கலாம். உயிரோடு இருக்கிற பெண் ஏறினால்தான் மரம் பட்டுப்போகும். இந்த நியாயம் எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

நான் ஏறினேன். உயிரோடுதான் ஏறினேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஓசூருக்கும் தொரப்பள்ளிக்கும் நடுவில் ஒரு சிற்றூரில் நான் வாழ்க்கைப்பட்ட வீடு. பிறந்தது ஜூஜுவாடிப் பக்கம். ஐம்பதுகளில் ஓசூர் சேலம் ஜில்லாவின் ஒரு மூலையில் கிடந்தது. கம்பெனிகளும் கம்பெனி பஸ்களும் வருவதற்கு வெகுகாலம் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம். நிலத்துக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், புளியைக் குத்தகைக்கு எடுக்கிறவர் அத்திப்பள்ளியிலிருந்து கன்னடம் பேசிக்கொண்டு வருவார், நாங்கள் தமிழ். கூலிக்காரர்களுக்கு மூன்று மொழியிலும் திட்டு வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு மூன்றிலும் திருப்பிக் கொடுக்கவும் தெரியும்.

அந்தக் காலம் நன்றாக இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. நான் ஏறிய புளியந்தோப்பு இருந்த இடத்தில் இப்போது வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறைகள் நிற்கின்றன. அதைப் பார்த்து நான் பெருமூச்சு விடுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே வேலை செய்கிற பெண்கள் கூலி போதவில்லை என்று கேட்டில் நின்று சத்தம் போட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

புளி இறக்குவது மாசி, பங்குனி மாதங்களில். ஆண்கள் மரத்தில் ஏறுவார்கள், பெண்கள் கீழே பொறுக்குவார்கள். ஏறுகிறவன் கிளைமேல் நின்று, மேல்கிளையைக் கையால் பிடித்துக்கொண்டு, காலால் மிதித்து உலுக்க வேண்டும். பழுத்தது உதிரும், பழுக்காதது நிற்கும். கைக்கு எட்டாத நுனிக்குத் தொரட்டி. சோம்பேறிகள் கம்பால் அடிப்பார்கள். பழத்தோடு கொழுந்தும் சிம்பும் முறிந்து விழும். கீழே நிற்கிற எங்களுக்குத் தலையில் அடி, முதுகில் அடி. முந்தானையைச் சும்மாடு சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, நாள் முழுக்கக் குனிந்தபடி பொறுக்குவோம். சாயங்காலம் ஏறினவனுக்கு ஒரு பங்கு புளி, பொறுக்கினவளுக்கு அதில் பாதி. ஏறுகிறவனுக்கு உயிர் பயம் இருக்கிறது, அதனால் இரட்டைப் பங்கு என்பார்கள். நியாயம்தான். அப்படியென்றால் அந்தப் பயத்தை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டால் மட்டும் சிரிப்பார்கள்.

என் கணவர் நல்ல ஏறுகாரர். எனக்கு மாமன் மகன்தான், அதனால் நான் அவரை மாமா என்றே கூப்பிடுவேன். கல்யாணமாகிச் சில ஆண்டுகள் கழித்து, மழை நனைத்திருந்த கிளையில் கால் வழுக்கி, விழாமல் ஒற்றைக் கையில் தொங்கியதில் அவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. கட்டுக் கட்டுகிறவர் இழுத்து வைத்துக் கட்டினார். வலி போயிற்று. ஆனால் அந்தக் கை அதற்குப் பிறகு காதுக்கு மேல் போகவில்லை. கை தூக்க முடியாதவன் புளியமரத்தில் என்ன செய்வான்? அவரும் கீழே உட்கார்ந்து மூட்டை தைத்தார்.

அடுத்த மாசியில் குத்தகைக்காரருக்கு ஆள் பற்றவில்லை. ரோட்டோரத்து மரங்களையும் அவரே எடுத்திருந்தார். ஏறுகிறவர்கள் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். தோப்பில் பழம் பழுத்து நிற்கிறது, ஏற ஆள் இல்லை, அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் ஏறுகிறேன் என்றேன். பிறந்த வீட்டில் ஆட்டுக்குத் தழை ஒடிக்க நான் ஏறாத மரமா? வேம்பு, அரசு, வேலாமரம்கூட ஏறியிருக்கிறேன். ஆட்டுத் தழைக்காக ஒரு சிறுமி ஏறினால் அது வேலை. பெரியவளான பிறகு ஏறினால் அது தோஷம்.

ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் அதைவிட அதிகமாகச் சிரித்தார்கள். குத்தகைக்காரர் சிரிக்கவில்லை, அவருக்கு அவசரம். "ஹத்தலி பிடி" என்றார் கன்னடத்தில். ஏறட்டும் விடு என்று அர்த்தம். எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். தைத்துக்கொண்டிருந்த மூட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "முசுறு கடிக்கும் புள்ள. சாம்பல் பூசிக்கோ" என்றார். அவர் கொடுத்த சம்மதம் அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டேன். முசுறு எறும்பு அண்டாமல் இருக்கக் கைகாலில் சாம்பலைப் பூசிக்கொண்டு ஏறினேன். முதல் கிளைக்குப் போவதற்குள் கீழே ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆண்கள் ஏறும்போது யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, கண்ணில் தூசி விழும். நான் ஏறியதும் சிலருக்குத் தூசி நினைவே வரவில்லை. பழம் உதிரும்போது அண்ணாந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்தினேன். நன்றாகவே உலுக்கினேன். அதற்குப் பிறகு அவரவர் தம் வேலையைப் பார்த்தார்கள்.

மேலே இருந்தபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம். வயிற்றுக்காக ஏறினேன் என்று சொன்னால் எல்லோரும் இரக்கப்பட்டு மன்னித்துவிடுவார்கள். வயிற்றுக்காகவும்தான். ஆனால் அந்தக் கிளைமேல் நின்று இரண்டு காலாலும் மிதித்தபோது, மொத்த மரமும் என்னோடு சேர்ந்து ஆடியது. காற்று அடித்தது. ஓசூர் மலைக்கோயில் தெரிந்தது. ரோட்டில் பெங்களூர் போகிற லாரி சின்னதாகப் போயிற்று. என் தலைக்கு மேலே யாரும் இல்லை. இறங்கவே மனம் இல்லாமல் இறங்கினேன்.

தோப்பிலேயே பெரியது கிணற்று மேட்டுப் புளி. அந்த ஆண்டு அதை முழுக்க நான்தான் இறக்கினேன். நிலத்துக்காரர் வந்து பார்த்தார், மூட்டைகளை எண்ணிக்கொண்டு போனார். மூட்டை மூட்டையாக வண்டியில் ஏறும்போது யார் உலுக்கியது என்று யாரும் கேட்பதில்லை. எனக்குக் கொடுத்தது மட்டும் பொறுக்குகிறவள் பங்கு. கேட்டதற்கு, நீ ஏறினாய்தான், ஆனால் நீ ஏறுகிறவன் இல்லையே என்றார்கள். அதையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு கிணற்று மேட்டுப் புளியில் காய் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொங்கியதைக் காய் என்று சொல்ல முடியாது. புளி அப்படித்தான். ஓர் ஆண்டு கொட்டித் தீர்த்தால் அடுத்த ஆண்டு சும்மா நிற்கும். இது எங்கள் ஊரில் தவழ்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். மற்ற ஆண்டுகளில் மரம் சும்மா நின்றால், களைத்துப்போயிருக்கிறது, இளைப்பாறட்டும் என்பார்கள். அந்த ஆண்டு மட்டும் அந்தப் பேச்சு யார் வாயிலும் வரவில்லை. பொம்பளை கால் பட்டது, அதுதான் என்றார்கள். குழாயடி இல்லாத ஊர், கிணற்றடியில் பேசினார்கள். பிறகு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து பேசினார்கள். எனக்குக் கல்யாணமாகி இத்தனை ஆண்டாகியும் வயிறு திறக்கவில்லை, அந்த மலடுதான் மரத்துக்கு ஒட்டிக்கொண்டது என்றார்கள். இதைச் சொன்னவர்கள் என்னோடு ஒரே மரத்தடியில் குனிந்து பொறுக்கியவர்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, பொல்லாத கோபம்.

குத்தகைக்காரர் அந்த மரத்தைக் காட்டியே விலையை அடித்துப் பேசினார். நிலத்துக்காரர் மரத்தைச் செங்கல் சூளைக்குத் தள்ளிவிடலாமா என்று யோசித்தார். அதற்கு முன்னால் வழக்கத்தைச் செய்து பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று.

அந்த வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் காய்க்காத மரத்தை மிரட்டுவார்கள். தை அமாவாசை அன்று மரத்தில் பழைய துடைப்பத்தையும் அறுந்த செருப்பையும் கட்டித் தொங்கவிடுவார்கள். மரத்துக்கு ரோஷம் வர வேண்டுமாம். பிறகு ஒருவர் கோடாலியை ஓங்கிக்கொண்டு, "காய்க்காத மரம் எதுக்கு? வெட்டட்டுமா?" என்று கேட்பார். இன்னொருவர், "வெட்டாத, வர்ற வருசம் காய்க்கும், நான் ஜாமீன்" என்று சொல்ல வேண்டும். மூன்று முறை கேட்பது, மூன்று முறை சொல்வது. கோடாலி பட்டையைத் தொட்டும் தொடாமலும் இறங்கும். அவ்வளவுதான், மரம் பயந்துவிட்டது என்று எல்லோரும் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஜாமீன் சொன்னவர் அந்த ஓர் ஆண்டு மரத்துக்குப் பொறுப்பு. தண்ணீர் விடுவது, பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பாடு. காய்க்கவில்லையென்றால் பழியும் அவர் வீட்டுக்குத்தான்.

எங்கள் ஊரில் ஜாமீன் சொல்வது எப்போதும் நிலத்துக்காரர் மனைவி. நிறையப் பிள்ளை பெற்றவர், சுமங்கலி, ராசியான கை என்று பெயர். நல்ல மனம் உள்ளவரும்தான். அந்த அம்மா அந்தத் தை மாதம் மகளின் பிரசவத்துக்காக ஆனேக்கல் போயிருந்தார்.

அவர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருக்குப் பதிலாக யார் ஜாமீன் சொல்வது என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. நிலத்துக்காரர், பெண்கள் தங்களுக்குள் பேசிவைத்திருப்பார்கள் என்று நினைத்தார். பெண்கள், நிலத்துக்காரர் யாரையாவது சொல்லிவைத்திருப்பார் என்று நினைத்தார்கள். கோடாலி பிடித்தவர் என் கணவரின் பங்காளி. அவருக்குக் கோடாலியைத் தூக்குவது மட்டும்தான் வேலை, மற்றதைப் பற்றி அவர் ஏன் கவலைப்படப் போகிறார்?

என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். துடைப்பத்தையும் செருப்பையும் என் கையால் கட்ட வேண்டும், ஏறிய கைதான் கட்ட வேண்டும் என்று உத்தரவு. எனக்கு அவமானமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது. நான் துடைப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டேன், கட்டவில்லை. கட்டு, கட்டு என்று பின்னாலிருந்து சொன்னார்கள். காது கேட்காதவள் மாதிரி நின்றேன். கடைசியில் பொறுமை இழந்து வேறு ஒருத்தி பிடுங்கிக் கட்டினாள்.

பங்காளி கோடாலியை ஓங்கி, "வெட்டட்டுமா?" என்று கேட்டார். பதில் இல்லை. ஒவ்வொருத்தியும் பக்கத்தில் நிற்பவளைப் பார்த்தாள். கோடாலி மெல்ல இறங்கிப் பட்டையைத் தொட்டது. இரண்டாம் முறை கேட்டார். அதற்குள் விஷயம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் இப்போது வாயைத் திறந்தால் ஓர் ஆண்டுப் பொறுப்பு, காய்க்காவிட்டால் வீட்டுக்குப் பழி. இன்னொரு வீட்டு மரத்துக்காக யார் அந்தப் பழியைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்வார்கள்? பிள்ளைக்காரிகள் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நிலத்துக்காரருக்கு வியர்த்தது. அவர் சொல்ல முடியாது, வெட்டச் சொல்கிறவரே வெட்டாதே என்றும் சொன்னால் அதற்குப் பெயர் வழக்கமா? பங்காளியும் கோடாலியைக் கீழே வைக்க முடியாது. பதில் வராமல் வைத்தால் மரம் செத்தது என்று அர்த்தம். மூன்றாம் முறையும் பதில் வராவிட்டால் அவர் நிஜமாகவே வெட்ட வேண்டும். இப்படி ஒரு நிலைமை வரும் என்று அந்த வழக்கத்தை உண்டாக்கினவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

பங்காளி மூன்றாம் முறையும் கேட்டார். கோடாலியை முழுக்கத் தூக்கிவிட்டார்.

"வெட்டாத. நான் ஜாமீன்."

சொன்னது நான்தான். வர்ற வருசம் காய்க்கும் என்று நடுவில் ஒரு வாக்கியம் உண்டே, அதை நான் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டுவிடவில்லை. காய்ப்பது மரத்தின் வேலை. அது செய்யும், செய்யாமலும் இருக்கும். அதற்காக நான் எப்படி வாக்குக் கொடுப்பது? வெட்டாதே என்பதை மட்டும் என்னால் சொல்ல முடிந்தது.

கோடாலி இறங்கிவிட்டது. பங்காளி வேரிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் சத்தம் எழுந்தது. யார் ஜாமீன் சொல்வது, இவளா, பிள்ளை பெறாதவளா, இவளால்தானே வந்தது இந்த வினை என்று ஆளாளுக்குப் பேசினார்கள். இத்தனை வாயும் ஒரு நிமிஷத்துக்கு முன்னால் எங்கே போயிருந்தன என்று கேட்டேன். சொன்ன ஜாமீனைத் திருப்பி எடுக்க வழக்கத்தில் வழி இல்லை. அது நிலத்துக்காரருக்கும் தெரியும். அவர் வழக்கத்தை வைத்துத்தான் என்னை வரவழைத்தார், அதே வழக்கத்தில் மாட்டிக்கொண்டார்.

"காய்க்கலைன்னா மரம் சூளைக்குப் போவுது" என்றார் என்னிடம். "நீ இந்தத் தோப்புலயும் சரி, ரோட்டு மரத்துலயும் சரி, இனிமே கால வெக்கக் கூடாது. சுத்துப்பட்டுல எவனும் உன்ன ஏத்தமாட்டான், நான் சொல்லி வெப்பேன்."

"சரிங்க சாமி" என்றேன். "அதுவரைக்கும் இந்த மரத்துல என்னத் தவிர யாரும் ஏறக் கூடாது. கம்பெடுத்து எவனும் கிட்ட வரக் கூடாது. மரத்துக்கு நான் பொறுப்பு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். போனதும் முதல் வேலையாக மரத்தில் ஏறித் துடைப்பத்தையும் செருப்பையும் அறுத்துக் கீழே போட்டேன்.

அந்த ஓர் ஆண்டு முழுக்க நான் எந்நேரமும் அந்த மரத்தில்தான் இருந்தேன் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். களை எடுக்கப் போனேன், நாற்று நடப் போனேன், ராகி அறுக்கப் போனேன், வீட்டில் கூழ் கிண்டினேன். மற்ற நேரத்தில்தான் மரம். மேல்கிளைகளில் புல்லுருவி ஏறியிருந்தது. மரத்தின் சாற்றை உறிஞ்சி, தான் பச்சையாகப் பூத்துக்கொண்டு நிற்கும். அதை அடியோடு வெட்டி எடுத்தேன். காய்ந்த கொம்புகளைக் கொடுவாளால் நறுக்கினேன். கம்படியில் முறிந்து பிய்ந்து தொங்கிய கொம்புகளை ஒழுங்காக அறுத்து, வெட்டுவாயில் சாணியும் மண்ணும் குழைத்து அப்பினேன். அடிமரத்தில் யார் யாரோ நேர்ந்துகொண்டு அடித்த ஆணிகள் இருந்தன. பிடுங்க முடிந்ததைப் பிடுங்கினேன். ஏரி வற்றியபோது வண்டலைக் கூடையில் சுமந்து வந்து வேரைச் சுற்றிக் கொட்டினேன். இதெல்லாம் செய்தால் காய்க்குமா என்று எனக்குத் தெரியாது. செய்யாமல் இருக்க மனம் ஒப்பவில்லை, செய்தேன். பொறுப்பு என்று சொல்லியாயிற்று அல்லவா?

வீட்டில் என் மாமியார் வேறு கணக்குப் போட்டார். மரமும் காய்க்காமல், மருமகளும் பெறாமல் போனால் மகனுக்கு ஆனேக்கல் பக்கம் ஒரு பெண் இருக்கிறது என்று பேச்சை ஆரம்பித்தார். என் கணவர் மூட்டை தைப்பதை நிறுத்தாமலே சொன்னாராம்: "அவ மரத்து மேல கீறா. எறங்கி வந்ததும் நேரா அவளாண்டயே கேட்டுக்க." நான் இறங்கி வந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் அதிகம் பேசாத மனிதர். எப்போதாவது பேசினால் எனக்கு ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

அவருக்கும் பயம் இருந்தது, இல்லாமல் இல்லை. வைகாசியில் பூ எடுக்க வேண்டிய நேரத்தில் அவர் தினமும் கிணற்று மேட்டுப் பக்கம் போய்வந்தார். ஆட்டைத் தேடிப் போனேன் என்பார். எங்களிடம் அப்போது ஆடு இல்லை. எனக்கும் பயம்தான். காய்க்காவிட்டால் மறுபடி குனிந்து பொறுக்க வேண்டும், அல்லது அதுவும் கிடைக்காது. அதைவிடப் பெரிய பயம், இனி மேலே போகவே முடியாது என்பதுதான். ஒருமுறை மேலே நின்றுவிட்ட பிறகு, நாள் முழுக்க மற்றவர்கள் காலடியைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது?

பூத்தது. மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துக் கீழே உதிர்ந்து தரையை மூடியது. பூவெல்லாம் காயாகிவிடுமா என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். ஆனியில் காற்று அடித்தது, கொஞ்சம் போயிற்று. ஆடியில் பிஞ்சு தெரிந்தது. ஐப்பசி மழையில் நின்றது. தை வந்தபோது கிளைகள் கனம் தாங்காமல் தாழ்ந்து நின்றன. கொத்துக் கொத்தாக, செங்காயும் பழமுமாக, எங்கே கை வைத்தாலும் புளி. மாசியில் நான் ஏறி உலுக்கியபோது கீழே யாரும் நிற்க முடியவில்லை, அப்படிக் கொட்டியது.

மரம் காய்த்ததற்கு நான்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு முந்தின ஆண்டு இளைப்பாறியது, இந்த ஆண்டு காய்த்தது. ஆனால் ஊர் அப்படி விடுமா? என் காலில் இருந்த தோஷம் ஒரே நாளில் ராசியாக மாறிவிட்டது. அவள் கை பட்டால் பட்ட மரமும் துளிர்க்கும் என்றார்கள். காய்க்காத முருங்கையைத் தொட்டுவிட்டுப் போ என்று ஒருத்தி கூப்பிட்டாள். பால் கறக்காத எருமையைத் தடவச் சொல்லி இன்னொருத்தி வந்தாள். முந்தின ஆண்டு மலடு ஒட்டிக்கொள்ளும் என்று சொன்ன அதே வாய்கள்தான். எனக்கு இது முன்னதைவிட எரிச்சலாக இருந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம், கும்பிட்டால் என்ன செய்வது?

நிலத்துக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். இனிமேல் எல்லா மரத்திலும் முதல் கால் நீதான் வைக்க வேண்டும், ராசிக்காரி வைத்த பிறகு ஆண்கள் ஏறட்டும் என்றார். புடவை எடுத்துத் தருவதாகவும் சொன்னார். என் காலில் ராசியும் இல்லை, தோஷமும் இல்லை, எனக்கு மரம் ஏறத் தெரியும், அவ்வளவுதான் என்றேன். புடவை வேண்டாம், ஏறுகிறவன் பங்கைக் கொடுங்கள், போன ஆண்டுக்கு முந்தின ஆண்டு ஏறியதற்கும் சேர்த்துக் கொடுங்கள் என்றேன். அவர் குத்தகைக்காரரைப் பார்த்தார். குத்தகைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, ஏறினவள்தானே, கொடுத்துவிட்டால் போகிறது என்று கன்னடத்தில் முனகினார். பழைய பாக்கி வரவில்லை. அந்த ஆண்டுக்கு முழுப் பங்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளிலும் அதைக் குறைக்க விடவில்லை.

புளி இறக்கி முடிந்த நாள், நிலத்துக்காரர் மனைவி தோப்புக்கு வந்தார். ஆனேக்கலிலிருந்து எப்போதோ திரும்பியிருந்தாலும், அதுவரை எங்கள் பக்கம் வரவில்லை. கூடவே பெண்கள் எல்லோரும். தட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, ஒரு தேங்காய். நான் அப்போதுதான் இறங்கி, கையிலிருந்த பிசினைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். அந்த அம்மா மனதாரத்தான் பேசினார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"என் எடத்துல நின்னு நீ மரத்துக்கு ஜாமீன் சொன்ன. இந்த அமாவாசைக்கு உன்ன மரத்தடியில உக்கார வெச்சு, உனக்கு நான் ஜாமீன் சொல்றேன்மா. வர்ற வருசம் உனக்கும் ஒரு புள்ள பொறக்கும்."

பெண்கள் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. இது ஏன் நமக்கு முன்பே தோன்றவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தி குங்குமத்தைக் குழைக்கவே ஆரம்பித்துவிட்டாள். என் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோரும் என்மேல் இரக்கமாக இருந்தார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு அந்த மரத்தடியில் உட்கார்ந்தால் போதும், ஊரோடு எனக்கு இருந்த சண்டை அன்றோடு தீர்ந்திருக்கும். உட்கார்ந்த பிறகு யாராவது ஒருவர் என் தலைக்கு மேல் எதையாவது ஓங்கிக்கொண்டு, இவள் எதற்கு என்று கேட்பார்.

நான் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டேன்.

"எனக்கு யாரும் ஜாமீன் சொல்ல வேணாம்மா" என்றேன். "நான் ஒரு குத்தமும் பண்ணல. அந்த மரமும் பண்ணல."

அந்த அம்மா தட்டைப் பிடித்தபடி நின்றார். என் மாமியார் கும்பிட்ட கையைக் கீழே இறக்கினார். நான் கொடுவாளை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்து மரத்துக்குப் போனேன். அதிலும் புல்லுருவி ஏறியிருந்தது.

பிறகு எனக்குப் பிள்ளை பிறந்ததா என்று இதைப் படிக்கிற நீங்கள் கேட்பீர்கள். நான் சந்தித்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் அதைத்தான் கேட்டார்கள். பிறந்தது என்றால், பார்த்தாயா, மரத்தைப் பார்த்துக்கொண்ட புண்ணியம் என்பீர்கள். பிறக்கவில்லை என்றால் உச்சுக்கொட்டுவீர்கள். அதனால் நான் சொல்லமாட்டேன்.